படம் சொல்வதும் உடல் சொல்வதும்

கத்தி என்ற சொல்லைக் கேட்டவுடன் உள்ளம் நடுங்குவது மனித இயல்பு. கையிலோ காலிலோ கத்தி பட வேண்டுமென்றாலே நாம் நாள் பார்க்கிறோம். கோயிலுக்கு நேர்த்தி வைக்கிறோம். நாலு பேரிடம் யோசனை கேட்கிறோம். தலையிலே சத்திர சிகிச்சை என்று வைத்தியர் சொல்லிவிட்டால் அந்தக் குடும்பம் படும் பாட்டை எழுதி முடியாது. அத்தகைய இக்கட்டில் அகப்பட்ட தந்தை ஒருவர் அண்மையில் எமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருந்தார். அவருடைய பெயரும் ஊரும் இங்கே வேண்டியதில்லை. அவர் கேட்ட கேள்வி பல வீடுகளுக்கும் பொதுவானது. ஆதலால் இந்த வாரம் அதனையே எடுத்துக்கொண்டோம்.

அவருடைய மகளுக்கு வயது பத்தொன்பது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கிறாள். இரண்டு ஆண்டுகளாக, இருமினாலும் தும்மினாலும் பிடரியில் ஓங்கி அடித்தாற்போல ஒரு வலி எழுந்து, அரை நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தார்கள். சிறுமூளையின் அடிநுனி, மண்டையோட்டின் துவாரத்தைத் தாண்டி 8 மில்லிமீற்றர் கீழே இறங்கியிருப்பதாக அறிக்கை வந்தது. ‘கியாரி’ என்று அதற்குப் பெயரும் சொன்னார்கள். ஒரு வைத்திய நிபுணர் சத்திர சிகிச்சை செய்யலாம் என்கிறார். மற்றவர் சிறிது காலம் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். கொழும்பிலிருக்கும் அம்மான், “தாமதியாமல் செய்து முடியுங்கள்” என்று நாள்தோறும் தொலைபேசியில் வற்புறுத்துகிறார். ஆச்சியோ, “பிள்ளையின் தலையிலே கத்தி வைக்க நான் விடமாட்டேன்” என்று சாப்பாட்டை வெறுத்துக் கிடக்கிறார். “யார் சொல்வதை நான் கேட்பது?” என்பது தந்தையின் கேள்வி.

எமது விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறோம். படத்திலுள்ள மில்லிமீற்றரை மட்டும் பார்த்து இதில் முடிவு செய்யலாகாது. அச்சத்துக்குச் செவி கொடுத்தும் முடிவு செய்யலாகாது. அந்தப் பிள்ளையின் உடல் என்ன சொல்கிறது, சத்திர சிகிச்சையால் எந்தத் துன்பம் நீங்கும் என எதிர்பார்க்கிறோம் என்ற இரண்டையும் அறிந்தே முடிவு செய்ய வேண்டும். இவ்வாறு நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு.

இடம் போதாத கிண்ணம்

மண்டையோட்டின் பின்புறத்தில், பிடரிக்கு நேரே, கிண்ணம் போன்ற ஒரு பள்ளம் இருக்கிறது. மாணவர்கள் பாடநூலில் ‘மூளி’ என்று படிக்கும் சிறுமூளை அந்தக் கிண்ணத்திலேதான் அமர்ந்திருக்கிறது. கிண்ணத்தின் அடியில் ஒரு பெரிய துவாரம் உண்டு. மூளைத்தண்டு முண்ணாணாக மாறிக் கழுத்துக்குள் இறங்கும் வழி அதுவே.

சிலருக்கு இந்தக் கிண்ணம் பிறவியிலேயே சற்றுச் சிறிதாக அமைந்துவிடுகிறது. சிறுமூளையோ வழமையான அளவுக்கு வளர்கிறது. இடம் போதாமையால் அதன் கீழ்நுனிகள் இரண்டும் துவாரத்தின் வழியே கழுத்துப் பக்கமாக இறங்கிவிடுகின்றன. இந்த நுனிகளுக்கும் டொன்சில் என்றே பெயர். தொண்டையிலுள்ள டொன்சிலோடு இவற்றுக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை.

மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்து தெளிந்த நீர் ஒன்று இருக்கிறது. இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நீர் இத்துவாரத்தினூடாகக் கீழும் மேலும் சென்று வருகிறது. டொன்சில்கள் அங்கே தக்கைபோல் அடைத்துக்கொண்டால் நீரின் போக்குவரத்துத் தடைப்படுகிறது. இருமும்போதும் தும்மும்போதும் உள்ளே உயரும் அழுத்தம் உடனே தணிய வழியின்றிப் பிடரியில் வலியாக வெடிக்கிறது. வேறு சிலருக்கு நீர் முண்ணாணின் உட்புறத்திலேயே தேங்கி நீண்ட குழியாக விரிகிறது. இதனைச் சிரிங்கோமயீலியா என்பர். கியாரி நோயில் நாம் பெரிதும் அஞ்ச வேண்டியது இந்த நீர்க்குழிக்கே.

நோய்க்குப் பெயர் வந்த வரலாறு

வியன்னாவில் 1851இல் பிறந்த ஹான்ஸ் கியாரி, பிராக் நகரில் நோய்க்குறியியல் பேராசிரியராக இருந்தவர். இறந்தோரின் உடல்களை ஆராய்ந்து வந்த அவர், சிறுமூளை இவ்வாறு கீழிறங்கும் நிலையை 1891இல் வகைப்படுத்தி எழுதினார். முதலாம் வகைக்கு அவர் எடுத்துக்காட்டியது, நெருப்புக் காய்ச்சலால் இறந்துபோன 17 வயதுப் பெண்ணொருத்தியின் மூளை. அவளது மூளையின் அறைகளில் நீர் மிகுந்திருந்தது; டொன்சில்களும் கீழிறங்கியிருந்தன. ஆயினும் உயிரோடிருந்த காலத்தில் சிறுமூளை சார்ந்த நோய்க்குறி எதுவும் அவளிடம் காணப்படவில்லை. டொன்சில் இறங்கியிருப்பது வேறு, அதனால் நோயுறுவது வேறு என்பதை அந்த முதற் குறிப்பே காட்டுகிறது. முதுகெலும்பு மூடாமற் பிறக்கும் குழந்தைகளிடம் காணப்படும் இரண்டாம் வகை முற்றிலும் வேறானது; அதனைப் பிறிதொரு வாரம் பேசலாம்.

1980களில் எம்.ஆர்.ஐ. கருவி வந்தபின் உயிரோடிருப்பவரின் மூளையை உள்ளபடி பார்க்க முடிந்தது. டொன்சில் 5 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் கியாரி எனக் கொள்வது வழக்கமாயிற்று. வேறு காரணங்களுக்காக எடுக்கப்படும் படங்களிலும், நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றில் இந்த இறக்கம் தென்படுகிறது. அவர்களிற் பெரும்பாலோர் யாதொரு துன்பமும் அறியாதவர்கள். 12 மில்லிமீற்றர் இறங்கியும் நலமாயிருப்போர் உண்டு. மிகச் சிறிதளவே இறங்கியும் முண்ணாணில் நீர்க்குழியோடு வருவோரும் உண்டு. சிறு வயதில் டொன்சில் சற்றுத் தாழ்ந்திருந்து, வயது ஏற ஏற மேலே செல்வதும் இயல்பே. ஆகவே “8 மில்லிமீற்றர்” என்ற எண் அச்சத்துக்கும் ஆறுதலுக்கும் போதிய காரணமன்று.

உடல் பேசும் மொழி

உடலின் மொழியை மூன்று கூறுகளாகக் கேட்கலாம்.

முதலாவது, வலி. இருமல், தும்மல், முக்குதல், வாய்விட்டுச் சிரித்தல் ஆகியவற்றால் பிடரியில் எழுந்து சில நொடிகளிலோ நிமிடங்களிலோ அடங்கும் தலையிடியே கியாரிக்கு உரிய அடையாளம். சத்திர சிகிச்சையால் நன்கு தணியக்கூடியதும் இதுவே. நெற்றியிலும் பொட்டிலும் நாள் முழுவதும் நிற்கும் தலையிடி, ஒற்றைத் தலையிடி, அயர்ச்சி, மறதி ஆகியவை கியாரி உள்ளவருக்கும் வரலாம். ஆனால் கியாரியால்தான் வந்தன என்று சொல்ல முடியாது. அவற்றுக்காகச் சத்திர சிகிச்சை செய்துகொள்வோர் ஏமாற்றம் அடைய இடமுண்டு.

இரண்டாவது, முண்ணாணின் முறைப்பாடு. நீர்க்குழி விரியும்போது வலியையும் சூட்டையும் உணரும் நரம்புகளே பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுகின்றன. அடுப்பிலிருந்து சட்டியை இறக்கும்போது கை சுட்டது தெரியாமல், பின்னர் கொப்புளத்தைக் கண்டு வியக்கும் பெண்ணை உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். கைவிரல்கள் மெலிதல், பொத்தான் பூட்ட முடியாமை, நடையில் இறுக்கம் ஆகியனவும் இவ்வகையின. வளரும் பிள்ளைகளிடம் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதே முதற் குறியாக இருப்பதும் உண்டு. இங்கே காலம் முக்கியமானது. நீர்க்குழியைச் சுருங்கச் செய்ய இயலும். நெடுங்காலம் நசுங்கி இழந்த உணர்ச்சியும் பலமும் முழுமையாக மீளும் என்று உறுதி கூற இயலாது.

மூன்றாவது, மூளைத்தண்டின் முறைப்பாடு. விழுங்கும்போது அடிக்கடி புரையேறுதல், குரல் கம்முதல், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல், கண்மணி தானே துடித்தாடுதல், தள்ளாட்டம் ஆகியவை இதில் அடங்கும். இவற்றைப் பொறுத்துப் பார்ப்போம் என்று வீட்டில் வைத்திருத்தல் தகாது.

கியாரிபோல் தோற்றமளிக்கும் வேறு நோய்களும் உண்டு. முதுகுப்புறத்தில் எங்கோ நீர் கசிந்து அழுத்தம் குறைந்தால் மூளை தொய்ந்து டொன்சில் இறங்கும். எழுந்து நின்றால் தலையிடி மிகும், படுத்தால் தணியும். இதற்கு மாறாக, மண்டையோட்டினுள் அழுத்தம் மிகுந்தாலும் டொன்சில் கீழே தள்ளப்படலாம்; கண்ணின் உட்புறத்தைப் பரிசோதித்தால் அதற்குரிய வீக்கம் தெரியும். மூளையின் அறைகளில் நீர் மிகுந்திருந்தால் அதற்கே முதலிற் பரிகாரம் தேட வேண்டும். மூலகாரணம் வேறாயிருக்கப் பிடரியைத் திறப்பதால் பயனில்லை, தீங்கும் நேரலாம்.

கத்தி செய்வது என்ன?

மூளைச் சத்திர சிகிச்சை என்றதும் மூளையை வெட்டுவார்கள் என்று ஆச்சிமார் எண்ணுகின்றனர். இச்சிகிச்சையின் நோக்கம் வேறு. இடம் போதாத கிண்ணத்துக்கு இடம் உண்டாக்குவதே அதன் நோக்கம். நோயாளியைக் குப்புறக் கிடத்தி, பிடரியின் நடுவே கீறி, பெருந்துவாரத்தை ஒட்டிய எலும்பில் சிறு துண்டு ஒன்றை அகற்றுவர். கழுத்தின் முதலாம் முள்ளெலும்பின் பின்வளைவையும் பெரும்பாலும் எடுத்துவிடுவர். பலருக்கு, மூளையைப் போர்த்திய தடித்த சவ்வையும் திறந்து, ஒட்டுத் துணி வைத்துச் சட்டையை அகலமாக்குவதுபோல் ஓர் ஒட்டு வைத்துத் தைப்பர். சில சமயங்களில் டொன்சில் நுனிகளைச் சூட்டால் சுருக்குவதும் உண்டு.

எலும்போடு நிறுத்துவதா, சவ்வையும் திறப்பதா என்பதில் நிபுணர்களுக்கிடையே நெடுநாள் விவாதம் உண்டு. பிள்ளைகளிடம் செய்யப்பட்ட சிகிச்சைகள் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2008இல் வெளியான மதிப்பீடு ஒன்று இதனைத் தெளிவாக்குகிறது. எலும்போடு நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 12.6 பேருக்கு மீண்டும் சத்திர சிகிச்சை வேண்டியிருந்தது. சவ்வையும் திறந்தவர்களில் அது 2.1 மட்டுமே. ஆனால் நீர் கசிதல் போன்ற தொல்லைகள் முன்னையவர்களில் 1.8 ஆகவும் பின்னையவர்களில் 18.5 ஆகவும் இருந்தன. ஒன்றில் மீண்டும் கத்தி, மற்றதில் கசிவு. எந்த நட்டத்தைத் தாங்குவது எளிது என்பதே கேள்வி. தொற்று, இரத்தப் பெருக்கு, மூளையுறை அழற்சி ஆகியனவும் நேரக்கூடும். மரணம் அரிது, ஆனால் அறவே இல்லையென்று எவரும் வாக்களிக்க முடியாது.

இருவர் கண்ட அனுபவம்

அமெரிக்கப் பாடகர் ஜோனி காஷ் அவர்களின் மகளும் தாமே புகழ்பெற்ற பாடகியுமான ரொசான் காஷ், பல ஆண்டுகள் கடுந் தலையிடியால் வருந்தினார். ஒற்றைத் தலையிடி முதலிய பெயர்களே அதற்குச் சொல்லப்பட்டன. இறுதியில் கியாரியும் நீர்க்குழியும் கண்டறியப்பட்டு, 2007 நவம்பரில் நியூயோர்க் நகரில் சத்திர சிகிச்சை செய்துகொண்டார். தேறுவதற்கு நெடுங்காலம் சென்றது. 2009இல் புதிய இசைத்தட்டு வெளியிட்டார். 2015இல் மூன்று கிராமி விருதுகள் பெற்றார்.

ஜே. பி. ஹோம்ஸ் என்னும் கோல்ப் வீரர் 2011இல் தலைச்சுற்றலால் ஆடுகளத்தில் நிலைகொள்ள முடியாமற் போனார். அவ்வாண்டு செப்டெம்பரில் கியாரிக்குச் சத்திர சிகிச்சை நடைபெற்றது. பொருத்திய தகட்டோடு சேர்ந்த பசைப்பொருள் அவருடைய உடலுக்கு ஒவ்வாமற் போகவே, அடுத்த மாதமே மீண்டும் கத்திக்கு ஆளானார். 2012இன் தொடக்கத்தில் ஆட்டத்துக்குத் திரும்பினார். 2014இல் பெரிய போட்டியொன்றில் வெற்றியும் பெற்றார்.

இவர்களைப் பார்த்து எல்லோரும் இவ்வாறே எழுந்துவிடுவர் என்று எண்ண வேண்டாம். இருவரிடமும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இன்ன துன்பத்துக்காக இந்தச் சிகிச்சை என்பது அவர்களுக்குத் தெளிவாயிருந்தது. அந்தத் தெளிவு இருந்தபோதும் ஒருவருக்கு நீண்ட தேறுகாலமும் மற்றவருக்கு இரண்டாம் சத்திர சிகிச்சையும் வேண்டியிருந்தன.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

வைத்தியரின் முன்னே அமர்ந்ததும் பலருக்கு நாவெழுவதில்லை. ஆகவே பின்வருவனவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்வது நன்று.

1. இந்தச் சிகிச்சையால் எந்த முறைப்பாடு நீங்கும்? எது நீங்காமல் நிற்கக்கூடும்?

2. முதுகெலும்பு முழுவதையும் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தாயிற்றா? நீர்க்குழி உண்டா, இல்லையா?

3. கியாரிபோல் தோன்றும் பிற நோய்கள் விலக்கப்பட்டனவா? கண் பரிசோதனை நடந்ததா?

4. எலும்போடு நிறுத்துவீர்களா, சவ்வையும் திறப்பீர்களா? காரணம் என்ன? இத்தகைய சிகிச்சை எத்தனை செய்திருக்கிறீர்கள்? அவற்றில் எத்தனை பேருக்குத் தொல்லை நேர்ந்தது?

5. பொறுத்திருப்பதாயின் எதனைக் கவனித்துப் பொறுத்திருக்கிறோம்? அடுத்த படம் எப்போது? எந்தக் குறி கண்டால் உடனே வர வேண்டும்?

இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல வைத்தியர் இவற்றை வரவேற்பார். இன்னொரு நிபுணரின் கருத்தைக் கேட்க விரும்பினாலும் அவர் மனம் நோகமாட்டார்.

முறைப்பாடும் இல்லை, நீர்க்குழியும் இல்லை என்றால், வருமுன் காப்பதாக எண்ணிச் சத்திர சிகிச்சை செய்வதற்குப் போதிய சான்று இல்லை என்பதே அமெரிக்க நரம்பியல் சத்திர சிகிச்சை நிபுணர்களின் சங்கம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலின் நிலைப்பாடு. அத்தகையோர் காலாகாலத்தில் பரிசோதனைக்குச் சென்று வந்தாற் போதும். முடிதிருத்தும் நிலையத்திலும் பிற இடங்களிலும் கழுத்தைத் திருகி நெட்டி முறிப்பதை மட்டும் தவிர்த்துக்கொள்வார்களாக.

யாருடைய முடிவு?

இனி அந்தத் தந்தைக்கு ஒரு சொல். ஐயா, தங்கள் கடிதத்தை மும்முறை படித்தோம். அதில் அம்மான் சொன்னது இருக்கிறது; ஆச்சி சொன்னது இருக்கிறது; இரு நிபுணர்கள் சொன்னதும் இருக்கிறது. பிள்ளை என்ன சொன்னாள் என்பது மட்டும் இல்லை.

அவளிடம் கேளுங்கள். வலி மாதத்தில் இரண்டு முறை வந்து போகிறதா, நாளில் இருபது முறை வருகிறதா? தோழியரோடு சிரிக்கவும் அஞ்சி அவள் ஒதுங்கியிருக்கிறாளா? புத்தகப் பையைத் தூக்க முடிகிறதா? பேனை பிடிக்கும் கையில் மாற்றம் உண்டா? பெற்றோர் வருந்துவர் என்று எதையேனும் மறைக்கிறாளா? நம் வீடுகளில் பெண்பிள்ளைகள் வலியைப் பொறுப்பதைப் பெருமையாகக் கருதிப் பழக்கிவிட்டோம். இந்த நோயில் அப்பழக்கம் கெடுதி செய்யும். ஒரு கொப்பியில் நாளும் வேளையும் குறித்து, வலி எதனால் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று இரண்டு மாதம் எழுதிவரச் சொல்லுங்கள். வைத்தியருக்கு அது பெரிதும் உதவும்.

நீர்க்குழி இருப்பதாகத் தெரிந்தால், அல்லது மேலே கூறிய முண்ணாண், மூளைத்தண்டு முறைப்பாடுகள் இருந்தால், சிகிச்சையின் பக்கமே தராசு சாயும். அப்போது ஆச்சியை இணங்கச் செய்வது தங்கள் கடமை. இவை எதுவும் இல்லையென்றால், இருமல் வலி அவளுடைய வாழ்வை எவ்வளவு சுருக்கியிருக்கிறது என்பதே அளவுகோல். அதனை அளந்து சொல்ல அவளால் மட்டுமே முடியும். அம்மானின் அவசரம் அதற்கு ஈடாகாது. அவள் சத்திர சிகிச்சை வேண்டுமென்றால் அது நியாயமே. இன்னும் ஓராண்டு பொறுக்கலாமென்றால் அதுவும் நியாயமே. எதைத் தெரிந்துகொண்டாலும், ஏன் அதனைத் தெரிந்தோம் என்பதை அவள் தன் வாயாற் சொல்லக்கூடியவளாக இருக்க வேண்டும்.

சிகிச்சை செய்துகொள்ளும் குடும்பங்கள் இன்னொன்றையும் மனத்திற் கொள்ளுதல் நன்று. வைத்தியசாலையிலிருந்து வந்த மறுநாளே எல்லாம் சரியாகிவிடாது. கழுத்துத் தசைகள் ஆறச் சில வாரங்கள் செல்லும். சுமை தூக்குதல் ஆகாது. காய்ச்சல், பிடரியில் வீக்கம், காயத்திலிருந்தோ மூக்கிலிருந்தோ தெளிநீர் கசிதல் கண்டால் அன்றே வைத்தியசாலைக்குத் திரும்ப வேண்டும். நீர்க்குழி சுருங்குவதற்கும் காலம் தேவை. படத்தில் மாற்றம் காணவில்லையென்று மீண்டும் கத்தியை நாடுமுன் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்கள் பொறுக்குமாறு அதே 2023ஆம் ஆண்டு வழிகாட்டல் கூறுகிறது. அந்த மாதங்களில் வீட்டார் நாளுக்கு நான்கு முறை “வலி போய்விட்டதா?” என்று கேட்டு நோயாளியைச் சோர்வடையச் செய்யாமல், தேறுவதற்கு வேண்டிய அமைதியையும் ஓய்வையும் அளிப்பார்களாக.